இரு கரைகளில் லுத்தரன் சபைப் பணி: இராமநாதபுரமும் இலங்கை மலையகமும்

தமிழ் மண்ணில் லுத்தரன் சபையின் சமூகப் பணி பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, மறு ஆண்டே பிள்ளைகளைத் திரட்டிப் பாடம் சொல்ல ஆரம்பித்தார்; பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். அந்தப் பணி சேதுபதிகளின் சீமையான இராமநாதபுரத்தை எட்டியது ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து. கடலுக்கு அக்கரையில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் லுத்தரன் சபை காலூன்ற 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 30 கிலோமீட்டர். மொழியும் வேதமும் பாட்டும் ஒன்றே. ஆனால் பணி நடந்த விதம் இரு கரையிலும் வேறு.

இராமநாதபுரத்தில் பணியைத் தொடங்கியவர் ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் உழைத்து, 1798இல் தஞ்சையில் மறைந்தவர். ஹைதர் அலியின் படையெடுப்பால் வந்த பஞ்ச காலத்தில், முன்கூட்டியே வாங்கிச் சேமித்த அரிசியைக் கொண்டு தஞ்சையில் பசித்தவர்களுக்குச் சோறிட்டார். வரிக் கொடுமை தாளாமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தது, அரசனின் ஆணையை நம்பி அல்ல, அவருடைய வாக்கை நம்பி.

1785 அளவில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. தஞ்சையில் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனின் யோசனையும் ஸ்வார்ட்ஸின் உழைப்பும் சேர்ந்து உருவானவை அவை. 1787இல் கும்பினியின் இயக்குநர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் ஒதுக்கினார்கள். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிகள் ஏழைகளுக்காகத் திறக்கப்பட்டவை அல்ல. கும்பினிக்கும் அரண்மனைக்கும் ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் மேல்சாதிப் பிள்ளைகள்.

ஆனாலும் கட்டிய பள்ளி, கட்டியவர்களின் நோக்கத்தைத் தாண்டி வளர்ந்தது. ஸ்வார்ட்ஸுக்குப் பொருளுதவி செய்தது இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கம். அவர் வழிவந்த பணிகள் 1820களில் மற்றொரு ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்குப் போய், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. இன்று இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் மேல்நிலைப்பள்ளியில் லுத்தரன் என்ற பெயர் இல்லை. தொடங்கியவரின் பெயர் இருக்கிறது. இராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச்செல்லப் படகு கட்டியவரின் மகன் அப்துல் கலாம் அந்தப் பள்ளியில்தான் படித்தார். தம்மை உருவாக்கியவர்களுள் ஒருவராக அங்கிருந்த ஆசிரியர் ஐயாதுரை சாலமனைத் தம் நூலில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதிகாரிகளை ஆக்கத் தொடங்கிய பள்ளி, முஸ்லிம் படகுக்காரரின் பிள்ளைக்கு வாசல் திறந்ததே அதன் உண்மையான வெற்றி.

இலங்கையிலும் ஸ்வார்ட்ஸின் சுவடு உண்டு. 1760இல் அவர் அங்கு சென்று டச்சு ஆட்சிப் பகுதிகளில் பிரசங்கம் செய்தார். அவரிடம் பயின்ற தஞ்சைத் தமிழர் கிறிஸ்தியான் தாவீது 1801இல் யாழ்ப்பாணம் போய் ஊழியம் செய்தார். 1824இல் ஆங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்றார். அங்கேயும் விதைத்தது லுத்தரன் கை, அறுத்தது வேறு சபை.

தோட்டப்புறத்தின் கதை அரண்மனையிலிருந்து தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து இலங்கை மலையகமான ‘கண்டிச் சீமைக்கு’த் தொழிலாளர்கள் ஆள் கட்டிப் போனார்கள். முதலில் தோணியில் மன்னாருக்கு, பிறகு காட்டுவழியே கால்நடையாய். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடை முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து கப்பலேறினார்கள். 1854 முதல் அவர்களிடையே ஆங்கிலிக்கன் ‘தமிழ்க் கூலி மிஷன்’ பணி செய்தது. 1895இல் தமிழகத்துக்கு வந்து கிருஷ்ணகிரி, ஆம்பூர், நாகர்கோவில் பகுதிகளில் ஊன்றிய அமெரிக்க மிசௌரி லுத்தரன் மிஷன், 1920களின் இறுதியில் இலங்கைக்கும் கை நீட்டியது. நுவரெலியாவை மையமாகக் கொண்ட இலங்கை லுத்தரன் சபை அதில் முளைத்தது.

அந்தச் சபைக்கு அரசர் நிலம் தரவில்லை. தோட்டத்தில் நிலம், சாலை, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பள்ளி எல்லாம் தோட்டக் கம்பெனியின் உடைமையாக இருந்தன; வெளியாள் உள்ளே நுழையத் தோட்டத் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. ஆகவே பெரிய பள்ளியோ ஆஸ்பத்திரியோ கட்டி வேரூன்றும் வாய்ப்பு அங்கே அமையவில்லை. லயன் காம்பராவில் கூடும் ஜெபம், கொழுந்து பறித்து வரும் பெண்களின் கூட்டம், சிறுபிள்ளைகளுக்கு எழுத்து: சபையின் பணி இந்த அளவில்தான் நடக்க முடிந்தது. எண்ணிக்கையில் அது மிகச் சிறிய சபை. தொழிலாளியோடு ஒரே வரிசையில் வாழ்ந்ததே அதன் பலம்.

நீதி என்ற கேள்வியிலும் இரு கரையும் பிரிகின்றன. இந்தியக் கரையில் கேள்வி சாதி. 1840 முதல் தமிழகத்தில் பணியாற்றிய லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதியைச் சமூக வழக்கமென்று சொல்லி ஆலயத்திலும் விட்டுவைத்தது. அதை ஏற்காமல் வெளியேறிய மிஷனரி கார்ல் ஓக்ஸ், 1860களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்து தொடங்கிய பணியே ஆற்காடு லுத்தரன் சபை ஆனது. லைப்சிக் வழியில் வந்த சபையோ 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருவெடுத்தது. 1980களின் பிற்பகுதியில் சென்னைக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலைத் தனித் துறையாகக் கற்பித்தபோதுதான், சபை தன் பழைய பிழையை நேராகப் பார்த்தது என்று சொல்லலாம். சபைக்கு வெளியே ஒரு வழக்கும் பாக்கி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. தலித் கிறிஸ்தவருக்கு இன்றும் இல்லை.

இலங்கைக் கரையில் கேள்வி குடியுரிமை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. 2003இல்தான் எஞ்சியோருக்கும் இலங்கைக் குடியுரிமை தரச் சட்டம் வந்தது. இந்தப் போராட்டத்தில் முன்னின்றவை இயேசு சபைப் பாதிரியார் பால் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் நிறுவிய சத்யோதய போன்ற அமைப்புகள். சிறிய லுத்தரன் சபையால் அந்த அளவுக்குக் குரல் எழுப்ப இயலவில்லை. அதன் உறுப்பினர்களே நாடற்றவர்களாக இருந்தார்கள்.

ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்கள் இறங்கியது இராமேஸ்வரத்தில். தங்கியது அவர்களின் பாட்டன்மார் அடைபட்டிருந்து கப்பலேறிய அதே மண்டபம் முகாமில். இலங்கையில் 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் படகில் தப்பி வந்தவர்களுக்கும் அதே முகாம். அவர்களில் மலையகத் தமிழர்களும் உண்டு. இந்திய வம்சாவளியினர் என்பதில் ஐயமில்லாத குடும்பங்கள் அவை. அத்தகைய சில குடும்பங்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் ஆணையிட்டது. பள்ளிக்கூடம் கட்டத் தெரிந்த இந்தியக் கரைச் சபைகளும், லயத்தில் உடனிருக்கத் தெரிந்த அக்கரைச் சபையும் சேர்ந்து எடுத்து நடத்த வேண்டிய வழக்கு இந்த முகாம் மக்களுடையது.