ஆய்மகள் கை மத்தும் உழவன் களத்து நெல்லும்

உழவைப் போற்றாத தமிழ்ப் பேரிலக்கியம் இல்லை என்று கூறுதல் நம் ஆராய்ச்சியுலகில் வழக்கமாகிவிட்டது. அக்கூற்றில் பெரிதும் உண்மை உண்டு. ஆயினும் போற்றுதல் வேறு, நோக்குதல் வேறு. உழவனை வாழ்த்திய புலவர்கள், அவன் விளைத்த நெல் களத்தை விட்டு நீங்கிய பின்னர் எவ்வழிச் சென்றது, எவர் கையில் எவ்வளவு விலை பெற்றது, அவ்விலையில் எத்துணை அவனுக்கு மீண்டது என்பவற்றையும் நோக்கினரா? இவ்வினாவை எழுப்பி, இலக்கியச் சான்றுகள் சிலவற்றை அதன்வழி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா இன்று வெறும் ஏட்டு வினா அன்று. விதை முதல் உண்கலம் வரை ஒரு விளைபொருள் கடந்து செல்லும் படிகளையும், படிதோறும் அதற்கு ஏறும் மதிப்பையும் ஒருங்கே பொருளியலார் 'மதிப்புத் தொடர்' என வழங்குவர். அத்தொடரில் உழவன் எத்தனை படிகளில் பங்கு பெறுகின்றான் என்பதைப் பொறுத்தே அவன் வாழ்வு அமையும். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலுள்ள உழவுடைமைகளில் நூற்றுக்கு 86, இரண்டு எக்டேருக்குக் குறைந்தவை. எனவே, 'உழவர்' எனப் பொதுப்பட நாம் வாழ்த்தும் கூட்டத்தாருள் மிகப் பெரும்பாலோர் சிற்றுழவரே என்பதை நினைவிற்கொண்டு மேற்செல்வோம்.

1. களத்தோடு முடியும் பாட்டு

தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத்திணையின் துறைகளை வகுக்குமிடத்து, உழவரின் நெற்களத்தைப் பாடுதலையும் மறவரின் போர்க்களத்தைப் பாடுதலையும் இணைத்துக் கூறுகின்றது. வாகை வெற்றியைக் குறிக்கும் திணை. எனவே, கதிர் அறுத்துச் சூடடித்து நெல்லைக் குவிக்கும் நாளே உழவனின் வெற்றி நாள் என்பது இலக்கண மரபாயிற்று. மரபு அழகியதே. ஆனால் அதுவே ஓர் எல்லையும் ஆயிற்று. வெற்றியோடு பாட்டு முடிதல் இயல்பாதலின், களத்துக்கு அப்பாற்பட்ட உழவன் பாடுபொருள் ஆதல் அரிதாயிற்று.

திருக்குறளின் 'உழவு' அதிகாரத்தை நோக்குவோம். உழவின் ஏற்றம், புழுதி காயவிடுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்விடுதல், பயிர்காத்தல், நிலத்தைச் சென்று காணாத உரியவனுக்கு நேரும் கேடு ஆகிய இவையெல்லாம் அப்பத்துக் குறள்களில் அமைந்துள்ளன. விளைந்ததை விற்றல் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. வணிகர்க்குரிய அறமோ 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் இறுதிக் குறளில் தனித்து நிற்கின்றது. 'நாடு' அதிகாரத்தின் முதற்குறள் குறையா விளைவையும் செல்வரையும் உடன் எண்ணுகின்றது. அச்செல்வரை வணிகர் எனப் பரிமேலழகர் கொள்வர். ஆண்டும் இருவரும் நாட்டின் உறுப்புகளாக அருகருகே நிற்கின்றனரேயன்றி, இருவர்க்கும் இடைப்பட்ட கொள்வினை கொடுப்பினை விளக்கப்படவில்லை. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபதும் ஏரின் உறுப்புகளைத் தனித்தனியே சிறப்பிக்கும் வாழ்த்து நூலே.

இதனைப் புலவர்தம் குறையென நாம் கூறவில்லை. எடுத்துக்கொண்ட பொருளே நூலுக்கு எல்லை. அவ்வெல்லையை உணராமல், உழவர் வாழ்வு முழுமையும் இந்நூல்களில் உளது என முடிவு கட்டும் ஆராய்ச்சியே குறை கூறத்தக்கது.

2. உப்பும் நெல்லும்

களத்துக்கு அப்பால் நெல் செல்வதைச் சங்கப் பாடல்கள் அறவே காட்டவில்லை என்பதும் பொருந்தாது. அகநானூற்றின் 140, 390ஆம் பாடல்களில் உமணர் குலப் பெண், உப்புக்கு நெல் நேர் என விலை கூறி ஊர்த்தெருவில் விற்கின்றாள். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லை ஏற்றி வந்த படகுகள், கொட்டிலிற் கட்டிய குதிரைகள்போல வரிசையாகப் பிணிக்கப்பட்டுள்ளன. புறநானூற்று 102ஆம் பாடல், உமணர் தம் வண்டியின் கீழே கட்டிச்செல்லும் சேம அச்சைக் குறிக்கின்றது. பள்ளத்திலும் மேட்டிலும் வண்டி செல்லும்போது அச்சு முறியக்கூடும் என்னும் அச்சமே அச்சேம அச்சுக்குக் காரணம். பண்டத்தைக் கொண்டுசெல்வதில் செலவும் இடரும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. உழவர்க்கும் உண்போர்க்கும் இடைநிற்பவர் யாவரும் உழையாது உண்பவரே என்று ஒருதலையாக எழுதுவோர் இச்சேம அச்சை எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆயினும் இங்கு ஒன்று கருதத்தக்கது. இவ்விடங்களில் நெல் கைமாறுகின்றது. நெல்லை அளந்து கொடுப்பவர் பேசுவதில்லை. அகப்பாடல்களில் தலைவனின் கண் உப்பு விற்பவளின்மீது நிலைக்கின்றது. அவள் கூறிய விலை கொடுப்பவர்க்கு ஏற்றதா என்பது அப்பாடல்களின் கவலையன்று.

மிகைகொள்ளாமலும் குறைகொடாமலும் விற்ற பட்டினப்பாலை வணிகரைத் தமிழர்தம் வாணிக நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டாதார் அரியர். அப்பகுதி கரிகாலனின் நகரைச் சிறப்பிக்கும் பாட்டின் உறுப்பு என்பதை மறத்தலாகாது. ஒரு செயலைச் சிறப்பாக எடுத்துப் புகழ்தல், அதற்கு மாறானதும் உலகில் உண்டு என்பதை உய்த்துணர வைக்கும். சிலப்பதிகார ஊர்காண் காதையில் வரும் மதுரைக் கூலவீதியில் துலாக்கோலும் அளவைக் கலங்களும் ஏந்தியோர் எங்கணும் திரிகின்றனர். கூலம் குவிந்து கிடக்கின்றது. அதனை விளைத்தவன் மட்டும் அத்தெருவில் காணப்படவில்லை. அளவை எவர் கையில் உளதோ அவரே தெருவின் தலைவர் ஆகின்றார். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலின் பெயரைச் சுட்டி, அஃது 'இராசகேசரி' மரக்காலோடு ஒத்தது எனக் குறித்திருத்தல் ஈண்டு ஒப்பிடத்தக்கது. அளவை பலரறியப் பொறிக்கப்படும் இடத்தில், கொடுப்பவனுக்கும் கேட்கும் உரிமை பிறக்கின்றது.

3. ஆய்மகள்

விளைப்பவரே தம் பொருளின் மதிப்பை உயர்த்தி, சுமந்து சென்று, விற்று, வந்த வருவாயை மீண்டும் தொழிலில் இடும் காட்சி சங்கப் பாட்டில் ஒன்று உண்டு. அது மருத நிலத்துக் காட்சி அன்று. முல்லை நிலத்துக் காட்சி. பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் வைகறையில் எழுந்து மத்தினால் தயிர் கடைகின்றாள். மோர்ப்பானையைச் சும்மாட்டின்மேல் ஏற்றிச் சென்று விற்கின்றாள். மோருக்கு ஈடாகப் பெற்ற உணவால் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்யின் விலைக்கோ அவள் பொன் கொள்ளவில்லை. எருமையையும் நல்ல பசுவையும் கன்றையும் பெறுகின்றாள்.

இப்பகுதியை முல்லைநில மக்களின் எளிய வாழ்வுக்குச் சான்றாகக் காட்டுவதோடு அமைதல் பொதுவழக்கு. எளிமை என்னும் சொல் இங்குப் போதாது. ஆய்மகள் பாலைப் பாலாக விற்கவில்லை. ஒரு பொருளை இரண்டாக்குகின்றாள்: விரைவில் கெடும் மோர் அன்றாட உணவுக்கு, நெடுநாள் நிற்கும் நெய் முதலீட்டுக்கு. பொன்னை மறுத்து எருமையைக் கொள்வது அறியாமையும் அன்று, பற்றின்மையும் அன்று; நாளைய பாலுக்கு இன்றே அடிகோலும் தொழிலறிவு. இத்தனையும் அவளுக்கு இயன்றமைக்குக் காரணம் ஒன்றே. மத்து அவள் கையில் இருந்தது.

இதனோடு உழவன் நிலையை ஒப்பிடுக. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 67 கிலோ அரிசி கிடைக்கும். எஞ்சியவற்றுள் தவிடு எண்ணெய்க்கும், உமி எரிபொருளுக்கும் ஆகும். நெல் ஒன்று மூன்று பொருளாகின்றது. ஆனால் அம்மாற்றம் நிகழும் இடம் ஆலை. உழவன் அதன் வாயிலோடு நின்றுவிடுகின்றான். மோரையும் நெய்யையும் பிரித்தறிந்து விற்ற ஆய்மகளின் உரிமை அவனுக்கு இல்லை.

4. கடனும் கணக்கும்

களத்தில் குவிந்த நெல்லைக் காலம் பார்த்து விற்க உழவனைத் தடுப்பது எது? புறநானூற்று 35ஆம் பாடலின் அடிக்குறிப்பு விடை தருகின்றது. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடிப் பழஞ்செய்க்கடன் வீடுபெற்றார் என்பது அக்குறிப்பு. செய் என்பது வயல். பழைய நிலுவை வயலின்மேல் நின்றது. அது நீங்கப் புலவர் பாட வேண்டியிருந்தது. ஏரைத் தாங்குவோரைக் காத்தால் ஏனையோரையும் காத்தவன் ஆவாய் என அரசனுக்கு அவர் அறிவுறுத்துகின்றார். பாடல் வென்றது, கடனும் நீங்கியது. ஆயினும் கடன் நீக்கம் ஒருமுறை நிகழ்வது. கடன் மீண்டும் மீண்டும் பிறக்கும் வழி அடைபட்டதா என்பது வேறு வினா.

பள்ளு நூல்கள் இன்னும் ஒருபடி செல்கின்றன. முக்கூடற்பள்ளில் காணப்படும் நெல்வகைப் பெயர்களையும் மாட்டுவகைப் பெயர்களையும் நம் ஆராய்ச்சியாளர் ஆர்வத்தோடு தொகுத்துள்ளனர். அப்பெயர்ப் பட்டியல்கள் எச்சூழலில் வருகின்றன என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். அவை பள்ளன் பண்ணைக்காரனுக்கு ஒப்புவிக்கும் கணக்கு. தவறு நேர்ந்தவழித் தொழுவில் மாட்டப்படுபவன் கணக்குச் சொல்பவனே. கேட்பவன் எவர்க்கும் கணக்குக் காட்டுவதில்லை. பள்ளன் நிலமுடைய சிற்றுழவன் அல்லன், பண்ணையாள் என்பது மெய். எனினும், உழுபவனிடம் கணக்குக் கேட்கும் உலகம் அவனுக்குக் கணக்குக் காட்டுவதில்லை என்னும் உண்மையைத் தமிழிலக்கியம் நகைச்சுவையின் ஊடே பதிவு செய்திருத்தல் அரிய செய்தியாகும்.

5. இக்கால நடைமுறை

இந்தியாவில் 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தை அடுத்து, அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் உழவர் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. நாகனார் பாடிய அதே இடரை, பாட்டால் அன்றி அமைப்பால் நீக்க முயன்ற முயற்சி அது. சென்னை மாகாணம் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றி, எடையையும் விலையையும் ஒழுங்குபடுத்த முனைந்தது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, காய்கறி விளைப்போர் தாமே விற்க இடம் தந்தது. ஆய்மகளின் சும்மாடு மீண்டும் தெருவுக்கு வந்தது எனலாம். 2002இல் நிறுமச் சட்டம் திருத்தப்பட்டு உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. 2020இல் இந்திய அரசு பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது.

இம்முயற்சிகள் கடன், அளவை, கடை என்னும் மூன்றையும் தொட்டன. மத்தைத் தொட்டவை மிகச் சில. அந்நாளைய பம்பாய் மாகாணத்துக் கெய்ரா மாவட்டத்தில் 1946இல் பதிவு பெற்ற பால் உற்பத்தியாளர் ஒன்றியம் அவற்றுள் தலையாயது. ஊர்தோறும் சங்கம் அமைத்துப் பாலை அளந்து பெற்றதோடு அவர்கள் நின்றிலர். 1955இல் தமக்கென ஆலை கண்டு, வெண்ணெயும் பால்பொடியும் செய்தனர். கடையும் கருவி கறப்பவர் கையில் இருக்க வேண்டும் என்னும் பெரும்பாணாற்றுப்படையின் உண்மை அங்கு மெய்ப்பட்டது.

பாலும் நெல்லும் ஒன்றல்லவே என ஒருவர் தடை எழுப்பலாம். தடை தக்கதே. பால் நாள்தோறும் இருமுறை வருவது. நெல் பருவத்தில் மட்டும் வருவது. பால் கெடும், நெல் நிற்கும். அவ்வாறாயின், நிற்கும் பொருளை உடைய உழவனே வலியன் ஆதல் வேண்டும். நடைமுறையில் அஃது இல்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் நிகழ்கின்றது. அரசு கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17க்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. மழைக்காலங்களில் சிலபோது அது தளர்த்தப்படுவதுண்டு. உலர்த்தும் களமும் மூடிய கிடங்கும் இல்லாத சிற்றுழவன், சாலையோரத்தில் நெல்லைக் குவித்து வானத்தை நோக்குகின்றான். கடன் தவணையோ காத்திராது. ஆகவே நிற்கும் பொருளையும் கெடும் பொருள் போலவே விற்கின்றான். உலர்களமும் கிடங்கும் சிற்றாலையும் அவன் சேர்ந்த சங்கத்துக்கு உரியவாயின், அவையே அவன் மத்து.

கெடும் பொருள்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2024இல் வெளிவந்த இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று, உண்போர் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவர்க்குச் சேருவது தக்காளியில் ஏறத்தாழ 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு எனக் கணக்கிட்டது. எஞ்சியது முழுதும் இடைநின்றாரின் ஊதியம் அன்று. வண்டிச்செலவும் அழுகற் சேதமும் அதனுள் அடங்கும். சேம அச்சுக்கு உரிய விலையைக் கொடுத்தேயாக வேண்டும். ஆனால் அவ்வச்சு எவ்வளவு, ஊதியம் எவ்வளவு என்னும் கணக்கு உழவனுக்குக் காட்டப்பட வேண்டும் என்பதே நம் கருத்து. சங்கத்தைப் பதிவு செய்து பெயர்ப்பலகை தொங்கவிடுதல் இதற்குப் போதாது. கணக்கெழுத ஒருவர், இருப்பு வைக்க முதல், அரைக்க ஆலை என்னும் மூன்றும் இல்லாத அமைப்பு, களத்தோடு முடியும் மற்றொரு பாட்டாகவே நின்றுவிடும்.

6. முடிபு

மேற்கண்டவற்றால் சில பெறப்படும். உழவைப் பாடிய தமிழ் மரபு பெரும்பான்மையும் களத்தைத் தன் எல்லையாகக் கொண்டது. களத்துக்கு அப்பால் நெல் செல்லும் இடங்களில் உழவன் குரல் கேட்பதில்லை. கடனும் கணக்கும் அவனை நெருக்கிய செய்தி, பாடலின் அடிக்குறிப்பிலும் பள்ளின் நகையிலும் ஒதுங்கிக் கிடக்கின்றது. விளைத்தவரே மதிப்பையும் ஆளும் முழுமையான காட்சியை நாம் கண்டது ஆய்மகளிடத்தே.

எனவே, இலக்கியத்தில் உழவு என்னும் பொருளில் ஆராயப் புகும் மாணவர்கள், உழவனின் பெருமையைத் தொகுப்பதோடு அமையாது, அளவை எவர் கையில், கணக்கு எவர் வாயில், மத்து எவர் வீட்டில் என்னும் மூன்று வினாக்களையும் ஒவ்வொரு பாடலிடத்தும் எழுப்புவாராக. வாகை சூடிய களத்திலிருந்து வெறுங்கையோடு உழவன் திரும்பும் வரையில், நாம் அவனுக்குப் பாடும் வாழ்த்துப் பாதி வாழ்த்தே ஆகும்.