சாலி தைத்த சட்டை

மழைக்காலம் வந்தால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் தண்ணீர் நிற்கும். அது வடிந்து மறுபடி பாத்தி கட்டும்வரை உப்புச் சுமக்கும் பெண்களுக்குக் கூலி இல்லை. தீபாவளியும் அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் வருவது அந்த மாதங்களில்தான். கீழ்புத்துப்பட்டுப் பிள்ளைகளுக்கு அது லீவு. அம்மாக்களுக்கோ பலகாரம், புதுத்துணி, கடன். பண்டிகையை உண்டாக்குவது யார், கொண்டாடுவது யார்? இந்தக் கேள்வியோடுதான் 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1993இல் வந்த இந்தப் படத்தில் நடிப்பவை கையால் செய்த பொம்மைகள். பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பார்கள். மறுபடி நகர்த்தி இன்னொரு படம். திரையில் ஒரு நொடி ஓட 24 படங்கள் வேண்டும், ஒரு நிமிடத்துக்கு 1,440. சான் பிரான்சிஸ்கோவில் நூறு பேருக்கு மேல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இப்படி உழைத்தார்கள். தலைப்போடு ஒட்டி நிற்பது கதையைக் கற்பனை செய்த டிம் பர்ட்டனின் பெயர். இயக்கியவர் ஹென்றி செலிக். திரைக்கதை எழுதியவர் கரோலின் தாம்ப்சன் என்ற பெண். அவர்கள் பெயரைப் படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

கதைக்குள்ளும் இதே கணக்குத்தான். ஹாலோவீன் ஊரின் நாயகன் ஜாக், கிறிஸ்துமஸைத் தானே நடத்த ஆசைப்படுகிறான். அது தீயில் முடியும் என்று முன்கூட்டியே கண்டு எச்சரிப்பவள் சாலி, ஒரு விஞ்ஞானி துணியால் தைத்து இலைச்சருகு அடைத்து உண்டாக்கிய பெண். ஜாக் அவள் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. அவள் கைத்திறனைப் புகழ்ந்து, தனக்குச் சாண்டா உடுப்பு தைத்துத் தரச் சொல்கிறான். அவளும் தைக்கிறாள். அவள் கை வேண்டும், கருத்து வேண்டாம். நம் வீடுகளில் இது புதிதா?

பொம்மை செய்த விதத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. ஜாக்கின் முகபாவம் மாற முழுத் தலையையே கழற்றி மாற்றினார்கள். அவனுக்கு 400 அளவில் தலைகள். சாலிக்கு முகமூடி மட்டும் மாறியது, நீண்ட கூந்தல் கலையக்கூடாது என்பதற்காக. காரணம் தொழில்நுட்பம்தான். ஆனாலும் அழகு கலையாமல் உணர்ச்சி காட்டு என்று பெண்ணிடம் கேட்பது ஸ்டுடியோவோடு நிற்பதில்லை.

இருந்தும் சாலி வெறும் பலியாள் அல்ல. பூட்டி வைத்தவனின் சூப்பில் நச்சு இலை கலந்து வெளியேறுகிறாள். ஜன்னலிலிருந்து குதித்துச் சிதறியபின் ஊசியெடுத்துத் தன்னையே தைத்துக்கொள்கிறாள். அவள் சொன்னதுதான் சரி என்று கடைசியில் சாண்டாவே ஜாக்கிடம் சொல்கிறார். ஆனால் அதற்குப் பரிசாகப் படம் அவளுக்குத் தருவது ஜாக்கின் காதலை மட்டுமே. ஊரை நடத்தும் பொறுப்பில் அவளுக்குப் பங்கில்லை. என் மனத்தாங்கல் அங்கேதான்.

குழந்தைகள் பயப்படுவார்கள் என்று டிஸ்னி தன் பெயரைப் போடாமல், டச்ஸ்டோன் என்ற துணைப் பெயரில் வெளியிட்ட படம் இது. ஹாலோவீன், கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் பொருந்துவதால் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. 2023இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது. ஹாலோவீன் வந்தால் அங்கே சாலியின் ஒட்டுத்துணி உடுப்பைத் தைத்துப் போட்டுக்கொள்ளும் பெண்கள் ஏராளம். தையல் தெரியும் பெண்ணை, தையல் தெரியும் பெண்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

இந்த அரையாண்டு லீவில் பிள்ளைகளோடு படத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்தச் சிவப்புச் சட்டையை யார் தைத்தது?