ஓவியத்தில் இல்லாத பெண்

காதலின் பொருட்டுக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கதையைப் படித்துவிட்டு ஓவியர் ஒருவர் தூரிகையை எடுக்கிறார். அவர் தீட்டி முடித்த படத்தில் அந்தப் பெண்ணைக் காணோம்!

ஆங்கிலக் கவி பைரன் 1813-ஆம் ஆண்டில் 'ஜியாவர்' என்னும் காவியத்தை வெளியிட்டார். பிற மதத்தினரைத் துருக்கியர் இகழ்ந்துரைக்கும் சொல் அது. ஹாசன் என்னும் துருக்கியத் தலைவனின் அந்தப்புரத்து அடிமையான லைலா, வெனிஸ் நகரத்தான் ஒருவன்மீது காதல் கொள்கிறாள். அக்குற்றத்திற்காக அவளைக் கடலில் அமிழ்த்திவிடுகின்றனர். காதலன் ஹாசனைக் கொன்று பழி தீர்த்தபின், மடமொன்றில் புகுந்து மனம் நொந்து மடிகிறான்.

இக்கதையைப் பிரஞ்சு ஓவியர் டெலாக்ருவா 1826-இல் தீட்டினார். அப்படம் இப்பொழுது சிக்காகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. குதிரைமீது இரு ஆடவர் மோதுகின்றனர். காற்றில் பறக்கும் ஆடை, ஓங்கிய ஆயுதம், வெறிகொண்ட புரவிகள்: வண்ணத் திறமையில் குறை சொல்ல எவராலும் இயலாது. இத்தனைக்கும் ஓவியர் அந்நாளில் கீழ்நாட்டைக் கண்ணாலும் கண்டவரல்லர். மொராக்கோவுக்குச் சென்றதே 1832-இல்தான். துருக்கியரை எதிர்த்துப் போராடிய கிரேக்கருக்கு நிதி திரட்டப் பாரிஸில் நடந்த கண்காட்சியில் இப்படம் வைக்கப்பட்டது. கிரேக்கரின் விடுதலையில் நமக்கு வெறுப்பில்லை. ஆயினும் லைலா எங்கே? ஆண்கள் இருவர் மானத்தின் பேரால் பொருதுவதற்கு அவள் ஒரு சாக்கு, அவ்வளவே.

இது மேனாட்டார் பிழையென்று நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. மலாக்கா நகரத்துக் குருத்துவாராவுக்குச் செல்லும் பஞ்சாபியர், ஜாசின் வட்டாரத்து நமக்கு அயலாரே. அவர்களைக் கேட்டால் சோஹ்னி மகிவால் கதையைச் சொல்வர். சோஹ்னி குயவன் மகள். புகாராவிலிருந்து வணிகம் செய்ய வந்தவன், அவள் பொருட்டு எருமை மேய்ப்பவனாகி மகிவால் என்று பெயர் பெறுகிறான். பெற்றோரோ அவளை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்கின்றனர். இரவுதோறும் மட்குடத்தைத் துணையாகப் பற்றிச் செனாப் ஆற்றை நீந்தி அவனிடம் செல்கிறாள். நாத்தனார் சுட்ட குடத்தை மறைத்துவிட்டுச் சுடாத பச்சைக் குடத்தை வைக்கிறாள். நடுவெள்ளத்தில் குடம் கரைந்துபோகிறது.

ஓவியர் சோபா சிங் (1901-1986) தீட்டிய சோஹ்னி மகிவால் படம் அச்சாகிப் பஞ்சாபியர் வீடுகளில் பரவியது. நாட்காட்டிப் படங்களையே ஓவியமென்று பார்த்துப் பழகிய நமக்கு அதன் கவர்ச்சி எளிதில் விளங்கும். இதில் பெண் இருக்கிறாள். அவ்வகையில் டெலாக்ருவாவின் படத்தினும் இஃது ஒருபடி மேல். ஆனால் இருவரின் அணைப்பில் மயங்கும் கண், அவளைக் கேளாமல் மணமுடித்தவர்களை நினைப்பதில்லை. சாவே அழகாகிவிடுகிறது.

குயவர் குலத்துப் பெண்ணுக்குப் பச்சைக் குடம் தொட்டவுடன் தெரியாதா? தெரிந்தே ஆற்றில் இறங்கினாள் என்று கதை சொல்வாரும் உண்டு. தீட்டத்தக்க கணம் அதுவே என்பது நம் துணிபு. இருண்ட கரையில் தனியே நிற்கும் சோஹ்னி, கையில் அந்தக் குடம், பின்னே கதவோரத்தில் நாத்தனார். அப்படியொரு படம் இன்னும் நம் கண்ணில் படவில்லை.