அளவெடுத்துச் செய்த வளையம்

பிரசவத்தாலும் வயதாலும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்து கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கும்போது, அறுவை சிகிச்சை இல்லாமல் அதைத் தாங்கிப் பிடிப்பது பெஸரி. பழைய கிரேக்க மருத்துவ நூல்கள் இதற்குப் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைக்கச் சொல்லின! இன்று சிலிகான். வளையம், கெல்ஹார்ன், கனசதுரம் என்று சில வடிவங்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பல அளவுகள். யாருக்கு எது பொருந்தும் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. மருத்துவர் விரலால் அளந்து ஒன்றை வைப்பார், இருமச் சொல்வார், நடக்கச் சொல்வார், கழிப்பறைக்குப் போய்வரச் சொல்வார். நழுவினால் அடுத்தது.

இந்தத் தடுமாற்றத்துக்கு விடையாகத்தான் தனி அளவுப் பெஸரி வந்திருக்கிறது. டொரொண்டோவின் காஸ்ம் நிறுவனம் அளவெடுத்து, கணினியில் வடிவமைத்து, முப்பரிமாண அச்சின் துணையோடு அதைச் செய்து தருகிறது. அச்சில் வந்ததை அப்படியே உடலுக்குள் வைப்பது நல்லதல்ல. அடுக்கடுக்கான சொரசொரப்பில் கிருமி தங்கும். அதனால் அச்சடிப்பது வார்ப்பச்சு, உள்ளே போவது அதில் ஊற்றிய சிலிகான் என்ற முறையே பாதுகாப்பானது.

யாருக்கு இது உண்மையிலேயே உதவும் என்பதில் மருத்துவர்களுக்கு அதிகக் குழப்பம் இல்லை. யோனியின் நீளம் குறைந்தவர்கள், யோனி வாய் அகன்றவர்கள், கருப்பையை எடுத்துவிட்டவர்கள்: கடையில் கிடைக்கும் வளையம் அடிக்கடி தோற்பது இவர்களிடம்தான். இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் வலையை விற்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் உத்தரவிட்ட பிறகு, அறுவை வேண்டாதவர்களுக்கு நல்ல பெஸரி தேவை என்ற பேச்சும் வலுத்தது.

ஆனால் அளவு சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பெஸரியையும் அறுவையையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் 440 பெண்களை வைத்து நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், பெஸரிப் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 2 ஆண்டுக்குள் அறுவைக்கு மாறினார்கள். பழியை முழுக்க அளவின் மேல் போட முடியாது. வெள்ளைப்படுதல், புண், தாம்பத்தியத்துக்கு இடைஞ்சல், கழற்றிக் கழுவ மறுபடி மறுபடி மருத்துவமனைக்கு அலைவது என்று சலிப்புக்குக் காரணங்கள் பல. கச்சிதமான வடிவம் இவற்றில் சிலவற்றைக் குறைக்கலாம், எல்லாவற்றையும் அல்ல.

இன்னொரு சிக்கல் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. படுத்திருக்கும்போது எடுக்கும் அளவு, நாள் முழுக்க நின்று வேலை செய்த மாலை நேரத்து உடலின் அளவல்ல. மாதவிடாய் நின்ற பின் திசு மெலியும், உடல் எடை ஏறும் இறங்கும். ஈறு சுருங்கியதும் ஆடத் தொடங்கும் பல்செட்டைப் போல, நமக்கென்றே செய்ததும் ஒருநாள் பொருந்தாமல் போகும். சாதாரண வளையம் என்றால் பெட்டியிலிருந்து வேறொன்றை உடனே எடுத்து வைக்கலாம். தனி அளவுக்கு மறுபடி அளவு, காத்திருப்பு, செலவு.

தனி அளவுப் பெஸரியைச் சாதாரண பெஸரியோடு நேருக்கு நேர் நிறுத்தி, பெரிய அளவில், நீண்ட காலம் பார்த்த சான்றும் போதவில்லை. அதைச் சொல்லித் தயங்கும் மருத்துவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெஸரி பொருத்தவே பழகாதவர்கள் அதே காரணத்தைச் சொல்லும்போதுதான் சந்தேகம் வருகிறது. கை பழகாதவருக்குக் கணினி அளவு கைகொடுக்காது.

பிரிட்டனில் நடந்து 2023-இல் வெளியான டாப்ஸி ஆய்வு புதிய வடிவம் எதையும் தேடவில்லை. பெஸரியைத் தாமே கழற்றி மாட்டப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது, அவ்வளவே. அவர்களின் வாழ்க்கைத் தரம் மருத்துவமனைப் பராமரிப்பில் இருந்தவர்களுடையதைவிடக் குறையவில்லை. சிக்கல்கள் குறைந்தன, செலவும் குறைந்தது.

ஆகவே என் கணிப்பில், தனி அளவுப் பெஸரி இரண்டாம் படி. கைதேர்ந்த ஒருவரிடம் சாதாரண வகைகளை முயன்று தோற்றவர்களுக்கு அது தரப்பட வேண்டும்; முதல் நாளே விற்கப்படக் கூடாது. யாராவது உங்களுக்கு அதைப் பரிந்துரைத்தால், விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: “இதை நானே கழற்றி மாட்டிக்கொள்ள முடியுமா, யார் சொல்லித் தருவார்கள்?”