நானா கடையின் கதையை யார் எழுதுவது?

சென்ற ரமழானுக்குச் சற்று முன்பு, பசறையில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி தான் எழுதிய சிறுகதையைக் கொண்டுவந்து தந்தாள். கதை கடற்கரையில் தொடங்கியது. அலை, தோணி, உப்புக் காற்று எல்லாம் இருந்தன. ராத்தாவின் கைக்கூலிக்காக வாப்பா தோணியை விற்கிறார். கடைசிப் பந்தியில் மாப்பிள்ளை மனம் திருந்தி, ஒரு ஹதீஸைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்.

"மகள், நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு தரம் சேர். ஸ்கூல் ட்ரிப்ல, காலி முகத்திடல்ல."

"அப்ப ஏன் கடல்?"

"கதையெல்லாம் அப்படித்தானே சேர் வருது."

அவள் சொன்னதில் பிழை இல்லை. நம் முஸ்லிம் சிறுகதைகளின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தும் தெற்குக் கரையிலிருந்தும் வந்தது. கே.எம். ஷா என்ற பித்தன் மட்டக்களப்பிலிருந்து எழுதினார். எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'யும் கிழக்கு மண்ணின் வாசம்தான். தெற்கில் திக்குவல்லை கமால், தன் ஊர் முஸ்லிம்கள் வீட்டில் பேசும் பேச்சை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தார். அந்தப் பேச்சை முதலில் வாசித்தபோது எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ஓர் ஊர் தன் வாயால் பேசியது. பசறைப் பிள்ளை இவற்றை வாசித்துவிட்டுக் கதை என்றால் கடல் வேண்டும் என்று நினைத்தால், குறை அவளுடையது அல்ல. அவள் வாசிக்க நாங்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமையோடு சொல்லும் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வந்தது. எழுதியவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை. கண்டியைச் சுற்றியிருந்த மலைகளெல்லாம் அப்போது கோப்பிச் செடி நோயில் அழிந்து தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான சனம் நடந்தே வந்து காடு வெட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நாவல் நடப்பது எகிப்திலும் இந்தியாவிலும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, ஒரு காலத்தில் நானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். எகிப்தில் எழுச்சி நடத்தித் தோற்ற ஒறாபி பாஷாவை ஆங்கிலேயர் 1883இல் இங்கே நாடு கடத்திக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய வருடம்தான் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். படித்த, துணிந்த, உலகம் தெரிந்த ஒரு முஸ்லிம் இளைஞன் தன் சமூகத்துக்கு வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அப்படி ஒருவனைப் பற்றிய தமிழ்க் கதை இருக்கவில்லை, ஆகவே தானே எழுதினார். அவருக்கு எகிப்து தேவைப்பட்டது. அந்த மாணவிக்குக் கடல் தேவைப்படவில்லை, பழக்கத்தால் வந்தது. இந்த வித்தியாசத்தைத்தான் விமர்சனம் செய்பவன் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அவளுக்குத் தேவைப்படுவது என்ன? அவள் வீட்டுக்கு முன்னால் இருக்கிறது. பதுளையிலிருந்து வரும் வீதி பசறையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புப் பக்கம் போகும், மற்றது மொனராகலைக்கு. மேலே நமுனுகுல மலை. சுற்றிவர கோணகெல, எல்டெப், கனவரல்ல, அங்கால் மடுல்சீமை என்று தோட்டங்கள். நடுவில் ஒரு கடைத்தெரு. அந்தத் தெருவில் முஸ்லிம் கடைகளும் பள்ளியும். தோட்டத்துச் சனத்துக்கு அது 'நானா கடை'. சம்பள நாளில் கூட்டம், மற்ற நாளில் கடன்.

மலையக இலக்கியம் இந்தத் தெருவுக்குப் பக்கத்திலேயே பிறந்திருக்கிறது. தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலி எலைக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தான் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். 'நாமிருக்கும் நாடே' தொகுதி 1979இல் வந்தது. 2013இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது தமிழ்நாட்டில் பலர் அவரைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள், பதுளைக்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்றைக்கும் வகுப்பில் வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் சத்தம் போடாமல் கேட்கும். இவர்கள் யாரும் தங்களைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும் என்று காத்திருக்கவில்லை.

ஆனால் நான் வாசித்த மலையகக் கதைகளில் நானா ஓரத்தில்தான் நிற்கிறார். கதை லயத்திலும் மலையிலும் பிரட்டுக்களத்திலும் நடக்கும். நடுவில் ஒருவர் கடைக்குப் போவார், நானா கடன் கொடுப்பார் அல்லது மறுப்பார், கதை திரும்பவும் மலைக்குப் போய்விடும். அதில் தப்பில்லை, அது அவர்களுடைய கதை. நானாவின் கதையை எழுதுவது அவர்களுடைய வேலை அல்ல. நம்முடைய வேலை. நாம் என்ன எழுதினோம்? நோன்பு காலத்தில் பத்திரிகைகளுக்கு அனுப்பும் கதைகளில் கடைக்கார ஹாஜியார் ஒருவர் வருவார், பித்ராவை மறைத்துக் கொடுப்பார், கடைசியில் எல்லோரும் அழுவார்கள். பயான் கேட்க வேண்டுமென்றால் ஜும்ஆவுக்குப் போனால் போதும்.

ஆக, அவர்கள் எழுதினால் நாம் நிழல், நாம் எழுதினால் நாம் மலக்கு. இரண்டுக்கும் நடுவில் உயிரோடு இருந்த ஒரு மனிசனை எனக்குத் தெரியும். அவர் என் வாப்பா.

வாப்பாவின் கடையில் அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை, புகையிலை எல்லாம் இருந்தன. கல்லாவுக்குப் பக்கத்தில் நீளமான கடன் கொப்பிகள். கொப்பியில் ஆட்களின் பெயர் ஒழுங்காக இருக்காது. 'மேட்டு லயம் அஞ்சாம் காம்பரா', 'பெரிய கங்காணி மருமகன்' என்று இருக்கும். வாப்பா மூன்று தமிழ் பேசுவார். தோட்டத்து ஆட்களிடம் "என்னாங்க, வெரசா சொல்லுங்க" என்று அவர்களைப் போலவே இழுப்பார். உம்மாவிடம் வீட்டுப் பேச்சு. பள்ளிக் கூட்டத்தில் மேடைத் தமிழ். லொறிக்காரனுடன் சிங்களம். இந்தப் பேச்சு மாற்றங்களை ஒருவன் உள்ளபடி எழுதினாலே ஊவாவில் ஒரு முஸ்லிம் கதை தொடங்கிவிடும்.

வாப்பா நல்ல மனிசர். கடனுக்கு வாங்கியவர்களுக்கு விலை கொஞ்சம் கூட என்பதும் உண்மை. வட்டி ஹராம் என்பார், விலையைக் கூட்டுவார். 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலத்தில் எத்தனையோ வீட்டுக்குக் கணக்குப் பார்க்காமல் மா கொடுத்தார். அதே வருடம் ஒருத்தியின் தோட்டை அடகாக வாங்கி வைத்திருந்ததையும் நான் கண்டேன். இந்த இரண்டையும் ஒரே கதையில் எழுத முடியாதென்றால் எழுதாமலே இருக்கலாம்.

வாப்பா மௌத்தான பிறகு கடையைத் துப்புரவாக்கினோம். பழைய கொப்பிகளை நிறுத்து விற்றோம். விற்றவன் நான்தான், பிறகு வருத்தப்பட்டவனும் நான்தான். ஒன்று மட்டும் அரிசிப் பெட்டிக்கு அடியில் கிடந்து தப்பியது. அதில் சில கணக்குகளுக்கு எதிரே வாப்பா ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'கப்பல்'.

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுக்க வேண்டும், 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரின் விதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும். மனிசரை அரிசி மாதிரி நிறுத்த கணக்கு. போனவர்கள் கோச்சியில் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். ஸ்டேஷனில் எழுந்த ஒப்பாரியால் அந்தக் கோச்சிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். போனவரின் கடன் இனி வராது. வாப்பா 'கப்பல்' என்று எழுதிக் கணக்கை மூடினார்.

இந்த வரலாறு நம்முடையதும்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1949இன் சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' பிரஜாவுரிமைச் சட்டம். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்து மலைநாட்டில் கடை வைத்திருந்த இந்தியச் சோனகர்களும் அந்த வலைக்குள் விழுந்தார்கள். கடையைக் கைமாற்றிவிட்டுப் போனவர்கள், இங்கே ஒரு குடும்பமும் அங்கே ஒரு குடும்பமுமாக நின்றவர்கள் எத்தனை பேர். இதை வைத்து ஒரு நாவல் நம்மிடம் இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணுக்குப் படவில்லை. யாராவது எழுதியிருந்தால் அனுப்புங்கள், மிகச் சந்தோஷப்படுவேன்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. பல வருடங்களுக்கு முன் 'கப்பல்' பற்றி ஒரு கதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். தோட்டக் கதை என்பதால் முஸ்லிம் பக்கத்துக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. மலையகப் பக்கம் ஒன்றுக்கு அனுப்பினேன், முஸ்லிம் கதை என்றார்கள். கோபத்தில் பெட்டிக்குள் போட்டேன். இப்போது எடுத்து வாசித்தால் கதையும் அவ்வளவு நல்லதல்ல. வாப்பாவை மிகவும் நல்லவராக எழுதியிருந்தேன், தோடு கதையில் இல்லை.

தோப்பில் முஹம்மது மீரானை இந்த இடத்தில் நினைப்பது நல்லது. படித்தது மலையாளத்தில், செய்த தொழில் மிளகாய் வற்றல் வியாபாரம். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு'வில் தொடராக வந்து, 1988இல் புத்தகமானது. ஊரின் பெரிய வீட்டு முதலாளியின் திமிரை அவர் மூடி மறைக்கவில்லை. நம் சமூகத்தைக் காட்டிக் கொடுப்பதா என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். இன்றைக்குத் தேங்காய்ப்பட்டணம் என்ற ஊரைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரிகிறதென்றால் அந்த நாவலால்தான். அவர் எழுதியதும் கடல்தான். ஆனால் அவருடைய கடல்.

அமெரிக்காவில் டோனி மொரிசன் 1970இல் தன் முதல் நாவலை வெளியிட்டார். ஒரு கறுப்புச் சிறுமியை நடுவில் வைத்த அப்படி ஒரு புத்தகத்தை வாசிக்க ஆசைப்பட்டுத் தேடி, கிடைக்காததால் எழுதினேன் என்று பிறகு சொன்னார். பசறைக்கும் ஒஹாயோவுக்கும் தூரம் அதிகம். தேவை ஒன்றுதான்.

எழுத நினைப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. கதைக்கு முன்னால் வயசான ஆட்களிடம் போங்கள். கடையில் நின்ற நானாமார், தோட்டத்தில் சேலைப் பொதி சுமந்து லயம் லயமாக விற்றவர்கள், அவர்களிடம் வாங்கிய தோட்டத்துப் பெண்கள். இரு பக்கமும் கேளுங்கள், ஒரு பக்கம் மட்டும் கேட்டால் மறுபடியும் மலக்கும் நிழலும்தான் வரும். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது: கடைக்குப் பின்னால் இருந்த வீடு. உம்மாவிடம் தோட்டத்துப் பெண்கள் பின்கதவால் வந்து பேசியவை வாப்பாவின் கொப்பியில் இல்லை.

அந்த மாணவி போன கிழமை திரும்பி வந்தாள். தோணி போய்விட்டது. கதை இப்போது ஒரு துணிக்கடையில் தொடங்குகிறது. ஹதீஸ் மட்டும் இன்னும் கடைசிப் பந்தியில் நிற்கிறது. அது ஏன் அங்கே வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

நானும் என் பழைய கதையைத் திருத்துகிறேன். கொப்பியில் ஓரிடத்தில் 'கப்பல்' என்பதைக் கோடிட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் 'தந்தாச்சு' என்று வாப்பா எழுதியிருக்கிறார். தேதி இல்லை. வாப்பாவோடு கடையில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். இந்தியாவுக்குப் போனவர் அங்கிருந்து ஓர் ஆளிடம் காசு கொடுத்தனுப்பினார் என்றார். அந்த லயத்தில் இன்றும் இருக்கும் ஒரு கிழவியிடம் கேட்டேன். "எங்கய்யா அனுப்புனாங்க, தோட்டக் குடுத்துத்தான் கணக்கு தீந்துச்சு" என்றாள்.