அசையாத சர்வரும் நகரும் மென்பொருளும்

ஓடுகிற சர்வரில் கை வைக்காதே என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத விதி. ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ், டெபியன் ஸ்டேபிள் ஆகிய லினக்ஸ் விநியோகங்கள் இந்த விதியை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தன. வெளியீட்டு நாளன்று மென்பொருள்களின் பதிப்பு எண்களை உறையவைத்துவிட்டு, பின்னால் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்குள்ளேயே ஒட்டித் தருவார்கள். இதற்கு பேக்போர்ட் என்று பெயர்.

இந்த உழைப்பின் அருமை 2014 ஏப்ரலில், ஓபன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது தெரிந்தது. ஓபன்எஸ்எஸ்எல் குழு 1.0.1-ஜி என்ற புதுப் பதிப்பை வெளியிட்டது. ரெட் ஹாட்டோ 1.0.1-இ என்ற எண்ணை மாற்றாமலே ஓட்டையை அடைத்தது. அப்டேட் செய்து சேவைகளை ரீஸ்டார்ட் செய்தாலே சர்வரில் அந்த ஓட்டை அடைபட்டது. எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர்கள் அதன் பிறகும் ஆபத்து என்று அலறும். பேக்கேஜின் சேஞ்ச்லாகைத் திறந்து காட்டித்தான் தணிக்கையாளரை நம்பவைக்க வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோதும் டெபியன் ஸ்டேபிள் தப்பியது, பழைய பதிப்பிலேயே நின்றதால்.

ஆனால் மூலக் குழுவிடமிருந்து விலகி நின்று ஒட்டுப்போடுவதிலும் ஆபத்து உண்டு. 2006-இல் டெபியன் தானாகச் செய்த ஒரு சிறு மாற்றம் ஓபன்எஸ்எஸ்எல்லின் தற்செயல் எண் உருவாக்கத்தைச் சிதைத்தது. ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவுக்கும் ஏறத்தாழ 32,768 சாவிகளே சாத்தியம் என்ற நிலை 2008 மே வரை யார் கண்ணிலும் படவில்லை.

இதைவிடப் பரவலான கேடு வேறு. 2014-இல் வந்த சென்ட்ஓஎஸ் 7, பிஎச்பி 5.4-உடன் வந்தது. பிஎச்பி குழு 2015-இலேயே அதைக் கைவிட்டது. 2019 மே மாதம் வேர்ட்பிரஸ் 5.2 வந்தபோது குறைந்தது பிஎச்பி 5.6.20 வேண்டும் என்றது. ரெட் ஹாட் ஒட்டிய திருத்தங்களால் பிஎச்பி பத்திரமாக இருந்தது. அதன்மேல் ஓடிய தளம்தான் முன்னேற வழியின்றி நின்றது. கெர்னலுக்கும் சி நூலகத்துக்கும் பொருந்துகிற நிதானத்தைச் செயலிமீதும் சுமத்தியதே இங்கே பிழை. ரெமி என்ற வெளி ரெப்போவிலிருந்து புதிய பிஎச்பியைப் பக்கத்திலேயே நிறுவலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவும் தனி ரெப்போ நடத்துகிறது. அடித்தளத்தை விநியோகத்திடமும் செயலியை அதைச் செய்தவர்களிடமும் வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பிரிவினையும் முழுமையானதல்ல. 2019-இல் வந்த டெபியன் 10, ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் 2.28 பதிப்பைக் கொண்டுவந்தது. அதுவரை அமெரிக்க ஆங்கில வரிசையில் ‘11’ முன்னும் ‘1-1’ பின்னும் வந்தன. அதில் இடம் மாறின. எழுத்துகளை ஜிலிப்சியின் வரிசைப்படி அடுக்கும் போஸ்ட்கிரெஸில், பதிப்பு மாறாமலே இன்டெக்ஸ் பழுதானது. இருக்கிற பதிவைத் தேடினால் கிடைக்காது. ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாத பதிவு இரண்டாக நுழையும். எர்ரர் எதுவும் வராது என்பதுதான் கொடுமை. இன்டெக்ஸை மறுபடி கட்டுவதே தீர்வு.

இதற்கு ஒரு மாற்று கன்டெய்னர். அது தன் நூலகங்களைத் தானே சுமப்பதால், ஜிலிப்சி 2.28 கேட்கும் நோட்.ஜேஎஸ் 18-ஐப் பழைய சர்வரிலும் ஓட்டிவிடலாம். ஆனால் ஹோஸ்டில் செய்யும் அப்டேட் இமேஜுக்குள் இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லைத் தொடாது. இமேஜை அடிக்கடி மறுபடி கட்ட ஆள் இல்லாத அலுவலகத்துக்கு விநியோகத்தின் பழைய பேக்கேஜே மேல்.

சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-இல் முடிந்தது. பிஎச்பியை முன்பே பிரித்து நகர்த்திவந்தவர்களுக்கு அடித்தளத்தை மாற்றும் வேலைதான் பெரிதாக மிஞ்சியது. எல்லாவற்றையும் உறையவைத்திருந்தவர்கள் இயங்குதளத்தோடு பிஎச்பியையும் மாற்ற வேண்டியிருந்தது. பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டுவிட்ட பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை நம்பி எழுதிய கோடையும் அதே மூச்சில் திருத்த வேண்டியிருந்தது.