நஃப்ஸும் பராபரமும்: ஆன்மத் தூய்மை வேண்டும் நபிமொழி துஆவும் குணங்குடியாரின் கண்ணி வடிவமும்

ஆய்வுச்சுருக்கம்

ஸைத் இப்னு அர்கம் அறிவிக்கும் ஸஹீஹ் முஸ்லிம் துஆ, ஆன்மாவுக்குத் தக்வாவையும் தூய்மையையும் இறைவனிடம் வேண்டுகிறது. இதன் சொற்பொருளையும் இறுதியொலி அமைப்பையும் குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணி வடிவத்தோடு ஒப்பிட்டு, தமிழாக்கத்தில் நழுவும் பொருளை இக்கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: துஆ, நஃப்ஸ், தக்வா, தஸ்கியா, கண்ணி.

முன்னுரை

இறைவனோடு தனித்துரையாடுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த முனாஜாத்து, இசுலாமியர் தமிழுக்கு அளித்த புதிய இலக்கிய வகைகளுள் ஒன்று. அவ்வகையைத் தாண்டியும் வேண்டற்குரல் ஒலிக்கிறது. தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, சென்னை இராயபுரத்தில் வாழ்ந்து மறைந்த மஸ்தான் சாகிபு (1792–1838) அதனைக் கண்ணிகளில் அமைத்தார்.

சொற்பொருள்

தக்வா தமிழில் பெரும்பாலும் ‘இறையச்சம்’, ‘பயபக்தி’ எனப் பெயர்க்கப்படுகிறது. அதன் வேர்ச்சொல் காத்தலைக் குறிப்பது. அச்சம் அக்காவலின் ஒரு கூறேயாகும். தஸ்கியாவின் வேரிலோ தூய்மையோடு வளர்ச்சியும் உண்டு. ஸக்காத் என்னும் சொல்லும் அவ்வேரினதே. ஆன்மா, மலம், மலநீக்கம் எனச் சைவ சித்தாந்தம் பழக்கிய சொற்சூழலில் ‘தூய்மை’ என்றவுடன் நீக்கமே முன்நிற்கிறது, வளர்ச்சி மறைகிறது.

இதற்கான அகச்சான்று துஆவிலேயே உள்ளது. பயன்தராத அறிவு, பணியாத உள்ளம், நிறைவடையாத நஃப்ஸ், ஏற்கப்படாத வேண்டல் ஆகிய நான்கிலிருந்தும் அதன் இறுதிப் பகுதி காவல் தேடுகிறது. நஃப்ஸின் குறையாக இங்குக் கூறப்படுவது அழுக்கன்று, நிறைவின்மை. எனவே தஸ்கியாவை நிறைவை நோக்கிய வளர்ச்சியாகவும் கொள்ளுதல் வேண்டும்.

செய்வோன் யார்?

நஃப்ஸைத் தூய்மைப்படுத்தியவர் வெற்றியடைந்தார் என்பது குர்ஆனின் 91ஆம் அத்தியாயம் தரும் செய்தி. அங்கு அவ்வினை மனிதனுக்குரியதாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அதே வினைச்சொல்லைத் துஆ இறைவன்மேல் ஏற்றி, தூய்மைப்படுத்துவோருள் சிறந்தவன் அவனே என்கிறது. முயற்சியைக் கைவிடுதல் இதன் பொருளன்று. முயற்சியால் எழும் செருக்கைக் கைவிடுதலே பொருள்.

இறுதியொலி

அந்த அத்தியாயத்தின் 15 வசனங்களும் ‘ஹா’ என முடிகின்றன. துஆவின் தக்வாஹா, ஸக்காஹா, மவ்லாஹா ஆகியனவும் அவ்வாறே. துஆவில் அவ்வொலி நஃப்ஸைச் சுட்டும் பெண்பாற் பதிலிப்பெயர். ‘நீ’ என இறைவனை முன்னிறுத்தித் தொடங்கும் தொடர்கள் ஆன்மாவில் வந்து முடிகின்றன.

குணங்குடியாரின் பராபரக்கண்ணியிலோ ஒவ்வொரு கண்ணியும் ‘பராபரமே’ என்னும் விளியில் முடிகிறது. ரகுமான் கண்ணியிலும் இறைவிளியே இறுதி. தாயுமானவர் கையாண்ட இவ்வடிவில் குறையும் ஏக்கமும் முன்வர, இறைப்பெயர் முடிவாகிறது. அரபு வேண்டல் இறைவனிலிருந்து ஆன்மாவுக்கு இறங்குகிறது. தமிழ்க்கண்ணி ஆன்மாவிலிருந்து இறைவனுக்கு ஏறுகிறது. இது நேரடித் தாக்கத்தை நிறுவும் சான்றன்று. ஒரே உறவை இரு யாப்பு மரபுகள் எதிரெதிர்த் திசைகளில் நிகழ்த்துவதையே இது காட்டுகிறது.

முடிவுரை

துஆவைத் தமிழாக்குவோர் சொல்லுக்குச் சொல் தேடுவதோடு நின்றால் காவலும் வளர்ச்சியும் நழுவும். இறுதியொலியின் திசையும் நழுவும். காவல் தேடப்படும் நான்கனுள் முதலில் நிற்பது பயன்தராத அறிவு என்பதும் கருதத்தக்கது. கீழக்கரையில் சமயக் கல்வி பெற்ற பின்னரே குணங்குடியார் துறவை நாடினார். கற்றோரின் வேண்டலாகவும் இத்துஆவை வாசிக்க அவர் வாழ்வு இடந்தருகிறது.